வாங்கின அன்றைக்கே உரித்துவிடுங்கள்

புது எவர்சில்வர் சம்புடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கத்தி முனையால் சுரண்டுகிறவர்களைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "முதலில் வெந்நீர் போடு" என்பேன். எழுபதைத் தாண்டியவளுக்கு இதெல்லாம் ஒரு பேச்சா என்று பேரன் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செட்டிநாட்டில் பிறந்து செட்டிநாட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். சாமானை எண்ணி, சாமானைத் துலக்கி, சாமானுக்குப் பூட்டுப் போட்டே எங்கள் தலைமுறைப் பெண்களின் காலம் பாதி கழிந்தது. அந்தச் சாமான்மேல் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையவே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சாமான் பரப்புவது என்று ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மங்கு, பீங்கான், கண்ணாடி, மரச்சாமான், பாய், கூடை, ஊறுகாய் ஜாடி வரை எல்லாவற்றையும் வரிசை கட்டி அடுக்கி வைப்பார்கள். உறவுக்காரர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள்; பார்க்காதது மாதிரி எண்ணுவார்கள். ஒன்று இரண்டு என்று கொடுக்கும் பேச்சே கிடையாது, டஜன் கணக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் அவ்வளவும் மாப்பிள்ளை வீட்டு வளவைச் சுற்றியிருக்கும் இரட்டை அறைகளில் ஒன்றுக்குள் போகும். சாமான் பெண்ணுடையது. சாவியும் அவளுடையதே.

இதில் ஒரு நியாயம் இருந்தது. ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத காலத்தில், பெண்ணுக்கென்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சொத்து அந்தப் பூட்டிய அறைதான். 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தார்கள். அங்கே போட்ட முதல் கைவிட்டுப் போயிற்று. அதன் பிறகு நொடித்துப்போன எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு இந்த அறைச் சாமான்களும் ஒரு காரணம். சேர்த்து வைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சேர்த்ததைத் தொடாமலே கண்ணை மூடியவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

என் மாமியார் காலமாகிச் சில மாதம் கழித்து அவர் அறையைப் பங்கு பிரிக்கத் திறந்தோம். அடியில் பித்தளையும் வெண்கலமும். அவற்றில் லேபிள் ஏதும் கிடையாது. குடும்ப விலாசத்தின் எழுத்துகளை உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் மங்கு: ஸ்வீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாகியாவிலிருந்தும் கப்பலில் வந்த தட்டுகள், அடுக்குகள், தூக்குகள். சிலவற்றில் இன்னமும் காகித லேபிள் இருந்தது. ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தேன், லேபிள் முழுசாக வழுக்கி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே எழுபதுகளில் வாங்கின எவர்சில்வர். டம்ளர் இரண்டு டஜன், தட்டு இரண்டு டஜன், அளவு வாரியாகச் சம்புடங்கள். ஒவ்வொன்றிலும் கடை ஸ்டிக்கர். காகிதம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. பசை மட்டும் மஞ்சள் பழுப்பாக இறுகி, பாத்திரத்தோடு ஒன்றாகிப் போயிருந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் அசையவில்லை, சோப்பைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த டம்ளர்களில் யாரும் ஒரு வாய் காபி குடித்ததில்லை. விளிம்பு நசுங்கின பழைய டம்ளர் ஒன்றில்தான் அவர் கடைசி வரை குடித்தார். "புதுசு ரெண்டு எடுங்களேன்" என்று நான் சொன்னபோதெல்லாம், "நல்ல நாள் வரட்டும்" என்பார். நல்ல நாள்கள் வரத்தான் செய்தன. மூன்று கல்யாணம், ஒரு சஷ்டியப்த பூர்த்தி, கணக்கில்லாத படைப்புகள். ஒவ்வொன்றுக்கும் வாடகைப் பாத்திரம் எடுத்தோம்.

அன்று அந்தப் பசையோடு மல்லுக்கட்டினபோதுதான், இது ஏன் இப்படிப் பிடிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. காரைக்குடியில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த சிக்ரி இங்கேதான் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது முழுப் பெயர். உலோகம் ஏன் துருப்பிடிக்கிறது என்று பார்ப்பதே அங்கே ஒரு பெரிய பிரிவின் வேலை. கடற்காற்றில் உலோகத்தைக் காயப்போட்டுச் சோதிக்க மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெருக்காரர் ஒருவர் ஒரு சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மைதாப் பசையும் கோந்தும் தண்ணீர் வற்றிக் காய்ந்து பிடிப்பவை. மறுபடி தண்ணீர் பட்டால் இளகிவிடும். மங்குத் தட்டின் லேபிள் விட்டுக்கொடுத்ததன் ரகசியம் அவ்வளவுதான். ஸ்டிக்கர் பசையின் குணமே வேறு. அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் 1935-இல், பின்தாளை உரித்து அழுத்தினாலே ஒட்டும் லேபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் வம்சம்தான் இன்று சிவகாசி அச்சகங்களில் சுருள் சுருளாக வருகிறது. ரப்பரோ அக்ரிலிக்கோ சேர்ந்த இந்தப் பசை காய்ந்து ஒட்டுவதில்லை. பிசுபிசுப்பாக இருந்தே பிடிக்கிறது. ஒட்டின நாளில் அது மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் கண்ணாடி மாதிரி மின்னும் எவர்சில்வரிலும் உண்டு; நாள் செல்லச் செல்லப் பசை அவற்றுக்குள் இறங்கி இறங்கிப் பிடியை இறுக்கிக்கொள்ளும். போதாததற்கு வெயிலும் காற்றும் சேர்ந்து அதன் தன்மையையே மாற்றும். ரப்பர் பசை மஞ்சளித்து, கெட்டித்து, வேறு பொருளாகவே ஆகிவிடும்.

வாங்கின அன்றைக்கே உரித்துவிடுங்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது இதனால்தான். முதல் நாள் நகக்கண்ணால் ஆகிற வேலைக்கு முப்பது வருஷம் கழித்து எண்ணெய், தைலம், அரை நாள், இடுப்பு வலி எல்லாம் வேண்டியிருக்கிறது.

பாத்திரமானால் உள்ளே நன்றாகக் கொதித்த நீரை ஊற்றிச் சில நிமிஷம் விடுங்கள். சூடு பாத்திரத்தின் வழியாகப் பசைக்குப் போகும், பசை இளகும். அப்போது ஒரு முனையைத் தூக்கி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்தாற்போல, மெல்ல இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் பசை விறைத்துக்கொள்ளும், காகிதம் கிழியும். மெல்ல இழுத்தால் வழிவிடும். இதைத் தெருக்காரர் விஞ்ஞானமாகச் சொன்னார். என்னைப் பெற்ற ஆத்தா, "அவசரப்பட்டால் ரெண்டு வேலை" என்று முடித்துவிடுவார். தட்டுக்கு வெந்நீர் ஊற்ற வழியில்லை. முடி உலர்த்தும் மெஷின் இருந்தால் அதன் சூட்டுக் காற்றைக் காட்டலாம், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பத்து நிமிஷம் வைக்கலாம். பத்து நிமிஷம் என்றுதான் சொன்னேன். வெயிலில் போட்டுவிட்டு மறந்தால் நான் மேலே சொன்ன கெட்டிப்புத்தான் மிஞ்சும்.

மிச்சப் பிசுக்குக்கு எண்ணெய். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், எது கைக்குக் கிடைத்தாலும் சரி. தடவிவிட்டு அரை மணி அதன் பக்கமே போகக் கூடாது. எண்ணெய் பசைக்குள் ஊறி அதன் பிடியைத் தளர்த்த அவகாசம் வேண்டும். தடவின கையோடு தேய்த்தால் பிசுக்கு பாத்திரம் முழுக்கப் பரவுவதுதான் மிச்சம். பிறகு பழந்துணியால் துடைத்து, சீயக்காய்த் தூளோ சோப்போ போட்டு எண்ணெயைக் கழுவிவிடலாம். வயதான பசைக்கு யூகலிப்டஸ் தைலம் கைகண்ட மருந்து. ஊட்டிக்குப் போகிறவர்கள் வாங்கி வரும் பாட்டில் எந்த வீட்டிலும் ஒரு மூலையில் இருக்கும். அடுப்புப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், அது தீப்பற்றும் சரக்கு. எங்கள் காலத்தில் மண்ணெண்ணெயில் துடைத்தோம். சாப்பிடுகிற பாத்திரத்துக்கு அந்த நாற்றம் ஒத்துவராது, இனி அது தேவையும் இல்லை.

கத்தி, இரும்பு நார், பிளீச்சிங் பவுடர் மூன்றும் எவர்சில்வருக்குப் பகை. அந்த உலோகம் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போட்டுக்கொள்ளும் மிக மெல்லிய படலம். கீறினால் அந்தப் படலம் தானாகத் திரும்ப வளரும். ஆனால் இரும்பு நாரின் துணுக்குகள் கீறலில் தங்கித் துருவேறும், பழி பாத்திரத்தின்மேல் விழும். பிளீச்சிங்கில் இருக்கும் குளோரின் படலத்தையே துளைத்துப் புள்ளிக்குழி போடும். பிளாஸ்டிக் சாமானுக்கு நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டுபோகாதீர்கள். அது பசையோடு பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் லேசுப்பட்டதில்லை. தெர்மோகோலையே கரைத்துக் குழியாக்கிவிடும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கோலம் போடச் சோம்பல்பட்டு ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறார்கள். அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். ஆனால் ஆறு மாதம் கழித்து அது ஓரம் கிழிந்து அழுக்கேறியதும், கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள் பாருங்கள், அதைப் பொறுக்க முடியாது. ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு கிடையாது; கண்ணாடித் தகட்டின்மேல் சாயமும் சிமென்ட்டும் மணலும் ஊற்றிக் கையால் செய்வது. அதன் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது. ஆசிட் சிமென்ட்டைத் தின்னும். எலுமிச்சையும் வினிகரும்கூடத் தின்னும். ஒரு நாளில் பூவேலை மங்கிப்போய், கல்லையே மாற்றினால்தான் உண்டு. தேங்காயெண்ணெய் தடவி வைத்து, மரக்கரண்டியின் ஓரத்தால் நெம்பி எடுங்கள். இந்தக் கல்லுக்கு எண்ணெய் புதிதில்லை, பளபளக்க அதைப் போட்டுத் தேய்ப்பது பழைய பழக்கம்தான்.

எதையும் உரிக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. விலையின்மேல் இன்னொரு விலை ஒட்டியிருந்தால் அதை அவசியம் தூக்கிப் பாருங்கள். அச்சடித்த விலையைக் கூட்டுவதற்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி; குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. மிக்ஸி, பிரிஜ், செல்போன் அடியில் இருக்கும் வரிசை எண் ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். வாரண்டி கேட்டுப் போகிற அன்று அதுதான் பேசும். பிரிஜ் கதவின் நட்சத்திர லேபிள் வேறு விஷயம். எத்தனை நட்சத்திரம் என்பது கடையில் பொறுக்குவதற்கு. வீட்டுக்கு வந்தபின் எட்டு வருஷம் அதை யாருக்குக் காட்டுகிறீர்கள்? டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, சோபாவுக்குக் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் தாள், காரின் சீட்டுக்கும் அதே. புதுசாகவே இருக்கட்டும் என்று நினைத்து, புதுசின் சுகத்தை ஒரு நாளும் தொடாமல் இருக்கிறோம். வேர்வையோடு அந்தத் தாளின்மேல் உட்கார்ந்து எழுகிற சத்தம் எனக்குக் கேட்கச் சகிக்காது.

சீல் வேறு ரகம். சத்தமில்லாமல் வந்துவிட்டால் அது சீலே இல்லை. எங்கள் அப்பச்சி காலத்தில் இன்ஷூர் செய்த தபால் உறைகளில் அரக்கை உருக்கி முத்திரை குத்தியிருக்கும். திறந்தால் உடைந்துதான் ஆக வேண்டும், திரும்ப ஒட்டி ஏமாற்ற முடியாது. ஓட்டு மெஷினுக்குப் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் காகித சீல் ஒட்டி, கட்சி ஏஜெண்டுகள் கையெழுத்துப் போடுவதும் அதே யோசனைதான். வீட்டில் இரண்டு இடத்தில் இதைக் கவனித்தால் போதும். கேஸ் சிலிண்டரின் சீல் முழுசாக இருக்கிறதா என்று ஆள் நிற்கும்போதே பாருங்கள். மருந்து பாட்டிலில் மூடி வளையம் முன்னமே அறுந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். எண்ணெய் பாட்டில் மூடிக்குள் பளபளவென்று இருக்கும் அலுமினியத் தாளும் சீல்தான். நம் இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்குகிற அதே மாதிரி சூடாக்கித்தான் அதைப் பாட்டில் வாயில் ஒட்டுகிறார்கள். அதைக் கத்தியால் குத்தி ஓட்டை போட்டு ஊற்றுகிறவர்கள் உண்டு. துணுக்கு எண்ணெயில் விழும். ஓரத்தைப் பிடித்து முழுசாக எடுங்கள்.

மாமியாரின் சாமான் கதைக்கு வருகிறேன். பங்கு பிரிந்தபின் நாத்தனார்கள் தங்கள் பங்கில் பாதியை முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். காரைக்குடிக்கு வருகிறவர்களுக்கு அந்தத் தெரு தெரிந்திருக்கும். வரிசையாகப் பழஞ்சாமான் கடைகள். மங்குத் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, தஞ்சாவூர்ப் படம், தேக்கு நிலை, மரப்பாச்சி என்று கலைத்துப்போட்ட வீடுகளின் வயிற்றிலிருந்த அத்தனையும் அங்கே வாசலில் கிடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். பழைய மங்கில் காகித லேபிள் இருந்தால் சேகரிக்கிறவர்களுக்குச் சந்தோஷம் என்று பின்னால் தெரிந்தது. நான் ஊறவைத்து எடுத்ததைக் கேட்டு, எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் தலையில் கைவைத்துக்கொண்டான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அந்தத் தட்டுகளில் இப்போது நாங்கள் பணியாரம் சாப்பிடுகிறோம். எவர்சில்வரை அந்தத் தெருவில் யாரும் சீண்டுவதில்லை. அது பாத்திரக்கடையில் எடைக்குத்தான் போகும். ஐம்பது வருஷம் பூட்டிக் காத்த டம்ளரும், ஐம்பது வருஷம் துலக்கி நசுங்கின டம்ளரும் அந்தத் தராசில் ஒரே விலை.

என் பங்குக்கு வந்த பன்னிரண்டு டம்ளர்களையும் தைலம் போட்டுத் துடைத்து, அன்று மாலையே காபிக்கு எடுத்தேன். நான்கில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது, போகவில்லை. பசை மூடியிருந்த இடம் ஒரு நிறம், காற்றுப் பட்ட இடம் ஒரு நிறம். அவற்றைத்தான் நான் அதிகம் புழங்குகிறேன்.

இந்தத் தை மாதம் மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம். பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரிடம், வெட்டுவதற்கு முன் ஸ்டிக்கரை எடுத்துவிடச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார்; பரப்பி வைக்கும்போது ஸ்டிக்கர் இருந்தால்தானே புதுசு என்று தெரியும் என்றார். சம்பந்தி வீட்டு ஆச்சியும் போனில் அதையே கேட்டார்கள். "பேர் வெட்டியிருக்கிறதே ஆச்சி, அதில் வருஷமும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கேன், போதாதா?" என்றேன். பேத்திக்கு வாய்த்திருப்பது பெங்களூரில் இரண்டு அறை வீடு. அடுக்களையில் மொத்தம் மூன்று அலமாரி. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு டஜன்களை எல்லாம் அடித்து ஆறாக, நாலாக ஆக்கினேன். மகள் ஒவ்வொரு கோட்டுக்கும் பெருமூச்சு விட்டாள். "ஆயா, குக்கர் மட்டும் நான் இப்பவே எடுத்துக்கிட்டுப் போறேன், என்னோடது விசில் போச்சு" என்று பேத்தி நடுவில் புகுந்து, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டாள். பரப்புகிற அன்று அந்த இடம் காலியாக இருக்குமே என்று மகளுக்குக் கவலை. வேறு குக்கரை இரவல் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். இட்லிப் பானையில் மட்டும் நான் தோற்றுப்போனேன். நாற்பது இட்லிக்குக் குறைந்தது வாங்கக் கூடாது என்று சம்பந்தி ஆச்சி ஒரே பிடிவாதம்.